பூச்சிகளை நெருங்கிப் படமெடுக்க எந்த காம்பாக்ட் கேமரா? ஒரு ஸ்கேலை வைத்து முடிவு செய்யும் முறை

பூச்சிப் படம் எடுக்க கேமரா வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை மெகாபிக்சல்?", அடுத்தது "எத்தனை மடங்கு ஜூம்?". இந்த இரண்டையும் வைத்து, அந்தக் கேமராவில் ஓர் எறும்பின் கண் தெளிவாக விழுமா என்று சொல்லவே முடியாது. அதைச் சொல்பவை வேறு மூன்று: பூச்சியின் அளவு, அது நம்மை எவ்வளவு நெருங்க விடும் என்பது, அந்த நெருக்கத்தில் அதன்மேல் வெளிச்சம் விழுமா என்பது. இந்த வரிசையிலேயே யோசித்தால், சந்தையில் உள்ள கேமராக்களில் முக்கால்வாசி தானாகவே பட்டியலிலிருந்து விழுந்துவிடும். மாடலை முதலில் பிடித்துவிட்டு மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றால், மூன்றாவது மாதம் அது அலமாரிக்குப் போய்விடும்.

இங்கே காம்பாக்ட் என்பது லென்ஸைக் கழற்ற முடியாத எல்லாக் கேமராக்களையும் குறிக்கிறது. சட்டைப்பையில் அடங்குபவையும் உண்டு, பெரிய ஜூமோடு வரும் பிரிட்ஜ் கேமராக்களும் உண்டு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல் இரண்டு, பொடி எழுத்துள்ள ஒரு செய்தித்தாள் துண்டு, உங்களுடைய சொந்த மெமரி கார்டு, ஒரு நோட்டு. கடையில் எடுத்த படத்தைக் கேமராத் திரையில் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சிறிய திரையில் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும். அதனால்தான் சொந்தக் கார்டு: வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பெரிய திரையில் பார்க்கலாம்.

1. எந்தப் பூச்சி என்று முதலில் எழுதுங்கள்

"எல்லாப் பூச்சியும்" என்று எழுதாதீர்கள். அந்தப் பதிலுக்கு ஏற்ற கேமரா கிடையாது. நீங்கள் நடமாடும் தோட்டத்திலோ வயலிலோ அடிக்கடி பார்ப்பவற்றில் ஐந்தாறை எழுதி, பக்கத்தில் தோராயமான அளவைக் குறியுங்கள்.

வெந்தய வரியன் வகைப் பெரிய பட்டாம்பூச்சிகள் இறக்கை விரித்தால் 7–8 செ.மீ. வரும். தட்டான்களும் ஏறக்குறைய அதே கணக்கு. இந்தியத் தேனீ சுமார் 1 செ.மீ. மாமரத்தில் இலைகளைப் பின்னிக் கூடு கட்டும் முசிறு எறும்பில் பெரிய வேலைக்காரிகள் 8–10 மி.மீ. பொறிவண்டு 5–7 மி.மீ. கொசுத்தேனீ 4 மி.மீ. அளவில் இருக்கும். அசுவினி 2–3 மி.மீ. வெள்ளை ஈ ஒன்றிலிருந்து ஒன்றரை மி.மீ.

கடைசியில் இருக்கும் வெள்ளை ஈயும், அதைப் போன்ற பொடியான இலைப்பேனும்தான் உங்கள் முக்கியத் தேவை என்றால், எந்த காம்பாக்ட் கேமராவும் உங்களுக்குத் திருப்தி தராது. வேளாண் படிப்புக்காகக் கேமரா தேடும் மாணவர்கள் இதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. அந்தப் பணத்தை ஒரு ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பில் போடுவதே சரி.

2. பிரேம் அகலத்தைக் கணக்கிடுங்கள்

கேமராவின் நெருக்கத் திறனை அளக்க ஒரே நேர்மையான அளவுகோல் இதுதான்: ஃபோகஸ் விழும் மிக நெருங்கிய நிலையில், படத்தின் இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை எத்தனை மில்லிமீட்டர் அடங்குகிறது?

பூச்சி படத்தின் அகலத்தில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்கு வரை நிறைந்தால் போதும். மீசையும் காலும் வெட்டுப்படாமல் நிற்கும், சுற்றிலும் கொஞ்சம் இடமும் கிடைக்கும். அப்படியானால் 8 மி.மீ. முசிறுக்கு 12–16 மி.மீ. பிரேம் வேண்டும். பொறிவண்டுக்கு சுமார் 10 மி.மீ. பட்டாம்பூச்சிக்கு 12–15 செ.மீ. இருந்தாலே போதும். அசுவினிக்கு 4–5 மி.மீ. தேவைப்படும். அங்கேதான் காம்பாக்ட் கேமராக்களின் எல்லை முடிகிறது.

நோட்டில் பூச்சியின் பெயருக்கு எதிரே இந்த எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். இனி எந்தக் கேமராவைப் பார்த்தாலும் முதல் கேள்வி இந்த எண்ணை அது எட்டுமா என்பதுதான்.

இந்த இடத்தில் அநேகமாக எல்லாரும் தடுக்கி விழும் வார்த்தை ஒன்று உண்டு: "1 செ.மீ. மேக்ரோ". பெட்டியில் அப்படி அச்சிட்டிருப்பது தூரத்தை, உருப்பெருக்கத்தை அல்ல. பெரும்பாலான கேமராக்களில் அந்த 1 செ.மீ. லென்ஸ் முழு அகலக்கோணத்தில், அதாவது ஜூமைத் துளியும் நீட்டாத நிலையில், இருக்கும்போது மட்டுமே செல்லும். ஜூமைக் கொஞ்சம் இழுத்தாலும் மிகக் குறைந்த தூரம் 30 செ.மீ., 50 செ.மீ., ஒரு மீட்டர் என்று ஓடிவிடும்.

3. ஒட்டி நின்றா, எட்ட நின்றா?

லென்ஸின் முன்கண்ணாடிக்கும் பூச்சிக்கும் இடையே கிடைக்கும் தூரம் பிரேம் அகலத்துக்குச் சமமான முக்கியத்துவம் உடையது. 10 மி.மீ. பிரேமை 1 செ.மீ. தூரத்தில் தரும் கேமராவும் 12 செ.மீ. தூரத்தில் தரும் கேமராவும் காகிதத்தில் ஒன்றுபோலத் தெரியும். களத்தில் இரண்டும் வேறு வேறு தொழில்.

அசுவினி, செதில் பூச்சி, மாவுப்பூச்சி, கம்பளிப்புழு, முட்டைக் குவியல், விடியற்காலைக் குளிரில் அசையாமல் இருக்கும் வண்டு ஆகியவற்றின் அருகே கண்ணாடியை 2 செ.மீ. வரை கொண்டுபோகலாம். தேனீ, ஈ, தத்துக்கிளி, குளவிக்கு 10 செ.மீ.க்குக் குறையக் கூடாது. தட்டானும் பட்டாம்பூச்சியும் 30 செ.மீ.க்கு அப்பால் நின்றால்தான் தங்கும். பூச்சி பறப்பதற்குக் காரணம் பெரும்பாலும் கேமராவின் நிழலும் திடீர் அசைவும்தான். தூரம் கூடக் கூட இரண்டும் குறைகின்றன.

உங்கள் பட்டியலில் எந்தக் கூட்டம் அதிகம் என்று பாருங்கள். அதுதான் அடுத்த படியில் உங்களுக்கான வகையைத் தீர்மானிக்கும்.

4. வகையைத் தேர்ந்தெடுங்கள்

*மைக்ராஸ்கோப் முறை உள்ள வாட்டர்ப்ரூஃப் கேமராக்கள்.* ஒலிம்பஸ் டிஜி-5 (2017), டிஜி-6 (2019), அதன் வாரிசாக ஓஎம் சிஸ்டம் பெயரில் வந்த டிஜி-7 (2023) ஆகியவை இந்த வகையின் தலைமாணவர்கள். மூன்றும் 12 மெகாபிக்சல்தான். அதைப் பார்த்து ஒதுக்கிவிடாதீர்கள். இவற்றின் மைக்ராஸ்கோப் முறையில், 25 முதல் 100 மி.மீ. சமான ஜூம் (35 மி.மீ. ஃபிலிம் கேமராக் கணக்கில் சொல்லும் அளவு; எண் கூடினால் ஜூம் கூடும்) முழுவதிலும் 1 செ.மீ.யிலிருந்து 30 செ.மீ. வரை ஃபோகஸ் கிடைக்கும். ஜூமை முழுக்க நீட்டி 1 செ.மீ. வரை நெருங்கினால் பிரேம் சுமார் 5 மி.மீ.க்கு வந்துவிடும். கூடுதல் கண்ணாடி எதுவும் மாட்டாமல் இந்த அளவுக்கு இறங்கும் காம்பாக்ட் அரிது.

புதிதாக வாங்கியவர்கள் இதில் செய்யும் தவறு, ஜூமைத் தொடாமல் அகலக்கோணத்திலேயே பூச்சியை முட்டும் அளவுக்குப் போவது. செய்ய வேண்டியது நேர்மாறானது. முதலில் ஜூமை முழுக்க நீட்டுங்கள், பிறகு நெருங்குங்கள். 100 மி.மீ. சமானத்தில் 5 செ.மீ. தள்ளி நின்றாலே பிரேம் சுமார் 2 செ.மீ.தான் இருக்கும். முசிறுக்கு அதுவே போதும், நிழலும் விழாது.

ரிக்கோ டபிள்யூஜி வரிசையும் இதே பாணி. லென்ஸைச் சுற்றி ஆறு சிறிய எல்இடி விளக்குகள் இருப்பது அதன் வசதி. ஆனால் டபிள்யூஜி-70, டபிள்யூஜி-80 இரண்டிலும் ரா கோப்பு (கேமரா பதிவுசெய்ததைத் திருத்தாமல் அப்படியே வைக்கும் கோப்பு) இல்லை. டிஜிட்டல் மைக்ராஸ்கோப் முறையைப் போட்டால் படத்தின் பிக்சல் எண்ணிக்கையும் வெகுவாகக் குறையும். ஆவணப் பதிவுக்குச் சரி. பெரிதாக அச்சிட நினைப்பவர்களுக்கு உதவாது.

*பிரிட்ஜ் கேமரா, அதன்மேல் குளோசப் லென்ஸ்.* குளோசப் லென்ஸ் என்பது கேமரா லென்ஸின் முனையில் மாட்டும் உருப்பெருக்கிக் கண்ணாடி. எட்ட நின்று சின்னப் பூச்சியை எடுக்க காம்பாக்ட் உலகில் இதைவிட நல்ல வழி கிடையாது. கவனிக்க வேண்டியது ஒன்றே: லென்ஸ் முனையில் ஃபில்டர் மாட்டும் மரை இருக்க வேண்டும். பானாசோனிக் எஃப்இசட்300 இதற்குப் பேர்பெற்றது: 25–600 மி.மீ. சமான ஜூம் முழுவதும் எஃப்/2.8 அபெர்ச்சர் (லென்ஸில் ஒளி நுழையும் திறப்பு; எஃப் எண் கூடினால் திறப்பு சுருங்கும்), முனையில் 52 மி.மீ. மரை. நிக்கான் பி950-இல் 67 மி.மீ. மரை இருக்கிறது. மரை இல்லாத பிரிட்ஜ் கேமராவை இந்த வேலைக்கு வாங்காதீர்கள். ஒட்டுவேலை செய்து மாட்டும் வளையங்கள் நேராக நிற்பதில்லை; படத்தின் ஒரு பக்கம் மட்டும் மங்கும்.

*1 அங்குல சென்சார் காம்பாக்ட்கள்.* படம் பதியும் சில்லான சென்சார் பெரிதாக உள்ள சோனி ஆர்எக்ஸ்100, கேனன் ஜி7எக்ஸ் போன்றவை. படத்தரம் மற்ற இரண்டு வகையையும்விட உயர்வு, விலையும் உயர்வு. ஆனால் 24 மி.மீ. அகலக்கோணத்தில் 5 செ.மீ. நெருங்கினாலும் பிரேம் 6–7 செ.மீ.க்குக் கீழே இறங்காது. ஜூமை நீட்டினால் அதைவிட அகலமாகிவிடும். பட்டாம்பூச்சிக்கு அருமை, எறும்புக்குப் பயனில்லை. "விலை கூட, அதனால் பூச்சிக்கும் நல்லது" என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் மிக அதிகம் இந்த வகையில்தான்.

முடிவாகச் சொன்னால், பட்டியலில் அசையாத பொடிப் பூச்சிகள் அதிகம் என்றால் முதல் வகை. பறப்பவை, கடிப்பவை, கூச்சமுள்ளவை அதிகம் என்றால் இரண்டாவது. இரண்டும் சரிபாதி என்றால் முதல் வகையில் தொடங்குங்கள். கற்றுக்கொள்ள வேண்டியது அதில் குறைவு.

5. குளோசப் லென்ஸைக் கணக்குப் போட்டு வாங்குங்கள்

பிரிட்ஜ் கேமரா எடுப்பவர்களுக்கு மட்டும் இந்தப் படி. மற்றவர்கள் ஆறாவதுக்குப் போகலாம்.

குளோசப் லென்ஸின் திறன் டயாப்டரில் குறிக்கப்படும். ஆயிரத்தை டயாப்டரால் வகுத்தால், பூச்சி எவ்வளவு தூரத்தில் இருக்க வேண்டும் என்பது மில்லிமீட்டரில் கிடைக்கும். ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்பது 8 டயாப்டர். எனவே 125 மி.மீ. டிசிஆர்-150 என்பது 4.8 டயாப்டர், எனவே சுமார் 208 மி.மீ.

பிரேம் அகலத்துக்கு: 36 × அந்தத் தூரம் ÷ ஜூமின் 35 மி.மீ. சமானம். 600 மி.மீ. ஜூமில் டிசிஆர்-250 மாட்டினால் 36 × 125 ÷ 600 = 7.5 மி.மீ. டிசிஆர்-150 மாட்டினால் 12.5 மி.மீ. ஜூமை 300-க்கு இறக்கினால் இரண்டும் இரு மடங்காகும். இதில் பெரிய நன்மை என்னவென்றால், ஜூமை ஏற்றினாலும் இறக்கினாலும் நிற்கும் தூரம் மாறுவதில்லை. பூச்சியை ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால், நின்ற இடத்திலிருந்தே பெரிதாக்கலாம்.

இப்போது, "லென்ஸ் மாட்டியதும் கேமரா ஃபோகஸே செய்யவில்லை" என்ற புகார். ஜூமின் உச்சியில் ஒரு கேமரா 1 மீட்டர் வரை ஃபோகஸ் செய்யும் என்று வைத்துக்கொள்வோம். 8 டயாப்டர் மாட்டியபின் அது ஃபோகஸ் செய்யக்கூடிய இடம் 111 மி.மீ.யிலிருந்து 125 மி.மீ. வரை மட்டும். மொத்தம் 14 மி.மீ. அதற்கு முன்னாலும் பின்னாலும் எவ்வளவு நேரம் பட்டனை அழுத்தினாலும் லென்ஸ் முனகிக்கொண்டே இருக்கும். கேமராவில் பழுது இல்லை; நின்ற இடம்தான் தவறு. முதலில் உடம்பை முன்னும் பின்னும் நகர்த்திப் பூச்சி ஓரளவு தெரியும் இடத்துக்கு வாருங்கள், அதற்குப் பிறகு பட்டனை அரைவாசி அழுத்துங்கள். பழகும்வரை டிசிஆர்-150 எளிது. அதில் இந்த இடைவெளி சுமார் 36 மி.மீ. இருக்கும்.

ஜூமின் அகலமான பக்கத்தில் நான்கு மூலையும் கறுப்பாகத் தெரியும். அது இயல்பு, ஜூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் மறைந்துவிடும்.

+1, +2, +4, +10 என்று நான்காகச் சேர்த்து மலிவாக விற்கும் ஒற்றைக் கண்ணாடி செட்டைத் தவிர்த்துவிடுங்கள். நீண்ட ஜூமில் அவை மீசை ஓரத்திலும் கால் முடியிலும் ஊதா, பச்சைக் கோடுகளைப் பூசும். ரேனாக்ஸின் இரண்டு லென்ஸ்களிலும் நிறப்பிழையைத் திருத்தும் வகையில் மூன்று கண்ணாடிகள் இருக்கின்றன. விலை வித்தியாசத்துக்குக் காரணம் அதுவே.

6. வெளிச்சம் எப்படிப் போய்ச் சேரும்?

நெருங்க நெருங்க வெளிச்சத்தை மறைப்பது லென்ஸேதான். அதோடு கூர்மையான ஆழமும் மெலிந்துகொண்டே போகும். முதல் இரண்டு வகைகளிலும் உள்ள சிறிய சென்சாரில் 20 மி.மீ. பிரேமுக்கு அரை மில்லிமீட்டரை ஒட்டித்தான் தெளிவு கிடைக்கும், 7–8 மி.மீ. பிரேமில் அதைவிட வெகு குறைவு. அதைக் கூட்ட அபெர்ச்சரை மூடினால் இன்னும் இருட்டும். எனவே ஃபிளாஷ் தேவைப்படும், அந்த ஃபிளாஷை மென்மையாக்கும் டிஃப்யூசரும் தேவைப்படும். வாங்கும் கேமராவுக்கு இவை கிடைக்கின்றனவா என்று இப்போதே பாருங்கள்.

டிஜி வரிசைக்கு எஃப்டி-1 என்ற டிஃப்யூசர் உண்டு. கேமராவின் சொந்த ஃபிளாஷை லென்ஸைச் சுற்றிப் பரப்பிவிடும். மின்கலமும் கம்பியும் தேவையில்லை. எல்ஜி-1 என்ற இன்னொரு வளையமும் இருக்கிறது, ஆனால் அது சிறு எல்இடியின் வெளிச்சத்தை மட்டும் சுற்றிவிடுவது. நகரும் பூச்சியை உறையவைக்க அந்த வெளிச்சம் போதாது. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் யோசிக்காமல் எஃப்டி-1.

பிரிட்ஜ் கேமராவில் மேலே எழும் ஃபிளாஷைப் பயன்படுத்தினால், நீண்ட லென்ஸின் நிழல் படத்தின் கீழ்ப்பாதியில் அரைவட்டமாக விழும். டிரேசிங் பேப்பர் இரண்டு அடுக்கை ஒரு கெட்டி அட்டைச் சட்டத்தில் ஒட்டி, ஃபிளாஷுக்கு முன்னால் லென்ஸின் முனைவரை சரிவாக நீட்டிப் பிடித்தால் நிழல் கரைந்துவிடும். வண்டின் முதுகில் குத்தும் வெள்ளைப் புள்ளியும் பரவிய ஒளியாக மாறும். டிஃப்யூசர் பூச்சிக்கு எவ்வளவு அருகிலும் எவ்வளவு அகலமாகவும் இருக்கிறதோ அவ்வளவு மென்மை. பொன்வண்டு, பொறிவண்டு போன்ற பளபளப்பான முதுகுகளுக்கு இது இல்லாமல் படமே இல்லை.

7. இருந்தே ஆக வேண்டிய வசதிகள்

ஃபோகஸ் புள்ளியைச் சிறிதாக்கி, விரும்பிய இடத்துக்கு நகர்த்தும் வசதி. இல்லாவிட்டால் கேமரா கண்ணை விட்டுவிட்டுப் பக்கத்து இலையைப் பிடிக்கும்.

வெளிச்ச அளவையும் ஃபிளாஷ் அளவையும் தனித்தனியாகக் குறைக்கும் வசதி. ரா கோப்பு. வெள்ளை, மஞ்சள் பூச்சிகள் ஃபிளாஷில் வெளுத்துப்போனால் ஜேபெக்கிலிருந்து மீட்பது கடினம்.

மடங்கும் திரை பிரிட்ஜ் வகையில் பெரும்பாலும் கிடைக்கும். டிஜி வரிசையில் இல்லை. தரையில் ஊரும் பூச்சிக்குக் குப்புறப் படுக்கத்தான் வேண்டும்.

ஃபோகஸ் ஸ்டாக்கிங் இருந்தால் பெரிய பலம். டிஜி-5, டிஜி-6, டிஜி-7 மூன்றும் ஃபோகஸைச் சிறிது சிறிதாக நகர்த்திப் பல படங்களை எடுத்து, கேமராவுக்குள்ளேயே ஒன்றாக இணைத்துத் தரும். பூச்சி அசையாமல் இருந்தால்தான் பலிக்கும். காற்றில் ஆடும் கிளையில் முயன்றால் ஒரு காலுக்கு இரண்டு கால் தெரியும்.

மெகாபிக்சல், டிஜிட்டல் ஜூம், 4கே வீடியோ ஆகிய மூன்றையும் இந்த முடிவில் சேர்க்காதீர்கள். டிஜிட்டல் ஜூம் எடுத்த படத்தை வெட்டிப் பெரிதாக்குவதே தவிர வேறொன்றுமில்லை.

8. கடையில் செய்ய வேண்டிய ஸ்கேல் சோதனை

முதல் ஸ்கேலை மேசையில் படுக்க வையுங்கள். கேமராவை மேக்ரோ அல்லது மைக்ராஸ்கோப் முறையில் போட்டு, டிஜிட்டல் ஜூமை மெனுவில் அணைத்துவிடுங்கள். அணைக்க மறந்தால் பொய்யான எண் கிடைக்கும்.

அகலக்கோணத்தில் ஃபோகஸ் விழும் மிகக் கிட்டத்தில் ஒரு படம். ஜூமைப் பாதி நீட்டி ஒன்று. முழுக்க நீட்டி ஒன்று. ஒவ்வொன்றிலும் ஓரத்திலிருந்து ஓரம் வரை எத்தனை மி.மீ. கோடுகள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். அதே சமயம் இரண்டாவது ஸ்கேலால் லென்ஸுக்கும் மேசைக்கும் உள்ள தூரத்தை அளந்து எழுதுங்கள். நோட்டில் "பிரேம் 14, தூரம் 45" என்ற மாதிரி மூன்று ஜோடி எண்கள் சேரும். படி 2, படி 3-இல் எழுதிய எண்களோடு ஒப்பிட்டால் கேமரா தேறியதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஸ்கேலின் ஒரு முனையை உயர்த்தி 45 டிகிரியில் சாய்த்து, நடுக்கோட்டில் ஃபோகஸ் வைத்து எடுங்கள். எத்தனை மி.மீ. கோடுகள் கூர்மையாக இருக்கின்றனவோ அதை 0.7-ஆல் பெருக்கினால் வருவதுதான் கிடைக்கும் ஆழம். கேமரா சொன்ன கோட்டில் ஃபோகஸ் விழுகிறதா, முன்னோ பின்னோ தள்ளிப்போகிறதா என்பதும் இதே படத்தில் தெரியும்.

பிறகு ஃபிளாஷைப் போட்டு ஒரு படம். கீழே நிழல் வளைவு தெரிகிறதா என்று பார்க்க. கடைசியாகச் செய்தித்தாள் துண்டைத் தட்டையாக வைத்து ஒன்று. நான்கு மூலைகளிலும் எழுத்து படிக்க முடிய வேண்டும்.

பழைய கேமரா என்றால் இதற்கு மேல் சில உண்டு. வாட்டர்ப்ரூஃப் வகையில் மின்கல மூடியின் ரப்பர் வளையத்தில் வெடிப்போ மணலோ இருக்கிறதா, உள்ளே துரு அல்லது உப்புப் பூத்திருக்கிறதா என்று திறந்து பாருங்கள். கண்ணாடிக்கு உள்பக்கம் நீராவி படிந்த தடம் இருந்தால் விலை எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். முன்கண்ணாடியின் கீறலை டார்ச் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அகலக்கோணத்தில் 1 செ.மீ.யில் எடுக்கும்போது அந்தக் கீறலும் தூசியும் படத்தில் புகைபோலப் படியும். பிரிட்ஜ் வகையில் ஜூமை நான்கைந்து முறை முழுக்க நீட்டி மடக்கி, இடையில் தயங்குகிறதா, அரைக்கும் சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

9. வாங்கியதும் வைக்க வேண்டிய அமைப்புகள்

சிறிய சென்சாரில் அபெர்ச்சரை எஃப்/4 முதல் எஃப்/5.6 வரை வையுங்கள். ஆழம் வேண்டும் என்று எஃப்/8-க்குப் போகாதீர்கள். 1/2.3 அங்குல சென்சாரில் எஃப்/8 என்பது முழு பிரேம் கேமராவின் (35 மி.மீ. ஃபிலிம் அளவு சென்சார் உள்ளது) எஃப்/45-க்கு ஒப்பானது. ஒளி விளிம்புவிலகலால், அதாவது சிறிய திறப்பின் விளிம்பில் ஒளி வளைந்து பரவுவதால், படம் முழுவதும் மெழுகு பூசியதுபோல் மழுங்கிவிடும். 1 அங்குல சென்சாரில் எஃப்/8 வரை தாங்கும்.

ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் ஷட்டர் 1/250 நொடிக்குக் குறையக் கூடாது. இந்த நெருக்கத்தில் கை நடுக்கத்தை அடக்கும் ஸ்டெபிலைசேஷன் பாதிக்கு மேல் பலனிழந்துவிடும். அதை நம்பி 1/60-க்கு இறங்கினால் படம் ஆடும். ஐஎஸ்ஓவை (ஒளி உணர்திறன் அளவு) சிறிய சென்சாரில் 400-க்குள் பிடித்து வையுங்கள். அது முடியாத வெளிச்சத்தில் ஃபிளாஷைப் போடுங்கள்.

ஃபிளாஷ் போடும்போது அதன் அளவை −0.7-இல் தொடங்குங்கள். முழு அளவில் விட்டால் எறும்பின் தலை வெளுத்துப்போகும், பின்னணி கறுத்துப்போகும். டிஃப்யூசர் மாட்டிய பிறகும் வெளுத்தால் −1.3 வரை இறக்கலாம். வெள்ளை மாவுப்பூச்சிக்குப் பெரும்பாலும் அவ்வளவு தேவைப்படும். கருவண்டுக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டாம். கறுப்பு கறுப்பாகத் தெரிவதுதான் சரி.

ஃபோகஸை ஒருமுறை பிடித்தபின் பட்டனை அரைவாசி அழுத்தியபடியே வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, கேமராவை ஒரு நெல்மணி அளவுக்கு முன்னே தள்ளி, கண் கூர்மையாகத் தெரியும் கணத்தில் எடுங்கள். தொடர்ச்சியாக ஐந்தாறு எடுத்தால் ஒன்று தேறும். வெயில் ஏறுவதற்கு முன், இலையில் பனி இருக்கும்போதே போனால் இன்னும் கூடுதலாகத் தேறும்.